எத்தனை மீட்டர் என்று கேட்டவனுக்கு

திருப்புளி தேடப் போய் உன் நூல் அட்டை கையில் சிக்கியது.

குளியலறைக் கதவின் கீல் ஆடுகிறதே என்று கருவிப் பெட்டியைக் கவிழ்த்தேன். துருப்பிடித்த ஆணிகள், உடைந்த ப்ளக், எந்தப் பூட்டுக்கு என்று எனக்கே தெரியாத சாவிகள். எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் நைலான் நூல் சுற்றிய அந்த அட்டை கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் லிப்ட் கிரீஸ் வாடை போகவில்லை, மச்சான். நீ தொட்ட எதிலும் அந்த வாடை ஒட்டிக்கொள்ளும். உன் மகள் கல்யாணப் பத்திரிகையிலேயே இருந்தது என்று உன்னைக் கேலி செய்தவன் நான். நூலில் ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்பு ரிப்பன், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு நீல ரிப்பன். அட்டையின் உள்பக்கம் பேனாவால் நீ எழுதிய இரண்டு எண்கள். முதலில் 33. அதற்குக் கீழே 1.10.

முப்பத்து மூன்று எனக்குத் தெரியும். அதற்காக நீயும் நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். கீழே இருந்த ஒன்று புள்ளி பத்துதான் என்னவென்று புரியவில்லை. உன்னைக் கேட்கலாம் என்றால் நீ போய் மூன்று வருஷம் ஆகிறது.

அன்று சாயங்காலமே ஷர்மிளா கதவைத் தட்டினாள். உனக்கு அவளைத் தெரியாது. நீ போன பிறகு நம் ப்ளாட்டின் பன்னிரண்டாம் மாடிக்குக் குடி வந்தவள். பாயான் லெப்பாசில் சிப் செய்யும் தொழிற்சாலையில் இஞ்சினியர். இப்போது நம் குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர் அவள்தான். நான் பதவியை விட்டுவிட்டேன் என்றால் நம்ப மாட்டாய். டாக்டர் ரத்த அழுத்தத்தைக் காட்டி விட வைத்தார்.

"அங்கிள், பழைய கிடங்கு நெலத்துல போர்டு வச்சிட்டாங்க. முப்பத்தஞ்சு மாடியாம். போன தடவ நீங்கதான் எதிர்த்து எழுதினீங்களாமே. இந்தத் தடவையும் எங்களோட வரணும்" என்றாள்.

என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "மாடிய விடும்மா. எத்தனை மீட்டர்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது என் வார்த்தை இல்லை என்று உறைத்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வாழ்நாள் முழுக்க ஜார்ஜ் டவுன் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்த்தவன் நீ. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து, கடிதம் எழுதுவதில் புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டவன் நான். ஏழாம் மாடியில் எதிரெதிர் வீடு நமக்கு. என் ஜன்னல் ரோட்டைப் பார்க்கும், உன் ஜன்னல் கடலைப் பார்க்கும். கடல் என்றால் பெரிய கடல் இல்லை. கீழே புல் முளைத்த காலி நிலம், அதற்கு அப்பால் இரண்டு பழைய கிடங்குக் கூரைகள், அந்தக் கூரைகளுக்கு நடுவே ஒரு சாண் தண்ணீர். அவ்வளவுதான். அதைப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை, தங்கச்சி விழும் வரைக்கும்.

உன் மனைவியை நான் தங்கச்சி என்றேன், அவள் என்னை அண்ணே என்றாள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய், பேச்சும் போய் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த நாளில் நீயும் நானும்தான் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம். வெளிச்சமாவது படட்டும் என்றாய். வாரக்கணக்கில் அவள் சுவரைப் பார்ப்பது போலவே ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் செருப்புகூடப் போடாமல் வந்து என் கதவை இடித்தாய்.

"மச்சான், பேசிட்டா! வாயத் தொறந்து பேசிட்டா!"

"என்ன சொன்னா?"

"ஃபெரின்னு சொன்னா!"

பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரி அந்த ஒரு சாண் தண்ணீரைக் கடந்திருக்கிறது. அவள் இடது கையைத் தூக்கிக் காட்டி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். "இத்தன வருஷம் கூட வாழ்ந்தவன் பேரு வாயில வரல, கப்பல் பேரு வருது பாரு" என்று நான் சொல்ல, நீ சிரித்து, சிரிப்பு அழுகையாகி, நம் தாழ்வாரத்துக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நானும் அழுதேன். அதை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு உங்கள் வீட்டில் கடிகாரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஃபெரி போனால் மருந்து, அடுத்த ஃபெரிக்குக் கஞ்சி. ஒவ்வொரு முறையும் அவள் இடது கை மேலே போகும். ஒரு வார்த்தை மூன்றாயிற்று, மூன்று பத்தாயிற்று. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தந்த பெண் கெட்டிக்காரிதான். ஆனால் உனக்கு அந்த ஜன்னல்மேல்தான் நம்பிக்கை.

அந்த நேரத்தில்தான் காலி நிலத்தில் போர்டு வந்தது. நாற்பது மாடி. கீழே கடைகள், நடுவில் கார் நிறுத்த மாடிகள், மேலே வீடுகள். உயரக் கட்டுப்பாடு உள்ள பாரம்பரிய நகரத்தின் எல்லைக்கோடு நம் தெருவுக்கு இரண்டு தெரு முன்னாலேயே நின்றுவிட்டதால் இங்கே எதையும் கட்டலாம் என்று நினைத்துவிட்டார்கள் போல. நான் கொதித்துப் போனேன். எனக்குக் கோபம் வர நாற்பது மாடி வேண்டுமா என்ன, நாலு மாடி போதும்.

தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டினேன். பத்தாம் மாடிச் சீன அக்கா, "ஆங்கின் ஹாபிஸ்" என்று கையை விரித்தார். காற்றெல்லாம் போச்சு என்று அவருக்குக் கவலை. துணி காயாது என்றார் ஒருவர். தண்ணீர் அழுத்தம் குறையும் என்றார் இன்னொருவர். இந்தச் சந்தில் அத்தனை கார் வந்தால் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்று மூன்றாம் மாடி மலாய் ஆசிரியர் கேட்டார், அது நல்ல கேள்வி. ஒன்றுமே கட்டக்கூடாது என்று சிலர் சத்தம் போட்டார்கள். நான் எழுந்து, நம்மால் ஆகிற காரியத்தைப் பேசுவோம், ஒன்றுமே கட்டாதே என்றால் மனுவைக் குப்பையில் போடுவார்கள், நம் ப்ளாட்டின் உயரத்துக்கு மேல் வேண்டாம் என்று கேட்போம் என்றேன். நியாயமாக இருந்ததால் எல்லாரும் கை தூக்கினார்கள்.

கடைசியாகத் தூக்கியவன் நீ. லிப்ட் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாய். "தூக்கப்பா, லிப்டு ஒன்னும் ஓடிப் போயிடாது" என்று நான் கத்தியதும் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினாய். எதிலும் ஆமை வேகம் உனக்கு, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச்சி ஜன்னலைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடும் படுகிறேன், இவனுக்கு அந்த உணர்ச்சியே இல்லையே என்று உள்ளூரக் கடுப்பு வேறு.

ஆட்சேபக் கடிதத்தை அன்றே எழுதினேன். எங்கள் கட்டடம் பதினைந்து மாடி, ஆகவே புதிய கட்டடமும் பதினைந்து மாடியைத் தாண்டக் கூடாது என்று அழுத்தமாக எழுதி, உன்னிடம் காட்டாமலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். காட்டினால் நீ நிதானமாக மூன்று முறை படிப்பாய் என்று பயம்.

விசாரணைக்கு அழைத்தபோது நாம் ஐந்து பேர் போனோம். குளிர்சாதனம் எலும்பைக் குத்தியது. மேசைக்கு அந்தப் பக்கம் திட்டமிடல் அதிகாரி, மலாய்க்காரர், பொறுமையானவர். பக்கவாட்டில் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆலோசகர், மடிக்கணினியோடு. என் கடிதத்தை அதிகாரி வாசிக்க வாசிக்க அந்த ஆலோசகர் முகத்தில் ஒரு புன்னகை. வாசித்து முடித்ததும், "பதினைந்து மாடி வீடுகள் என்றால் நாங்கள் யோசிக்கத் தயார்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஆகா, நாற்பதைப் பதினைந்தாக்கிவிட்டேனே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன்னைப் பார்த்தேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, "துவான், திங்கி பெராப்பா மீட்டர்?" என்று கேட்டாய்.

ஐயா, உயரம் எத்தனை மீட்டர் என்று நீ கேட்டதும் ஆலோசகரின் புன்னகை போயிற்று. மடிக்கணினியைத் தட்டினார். அதிகாரி விடவில்லை. கடைசியில் வந்தது விஷயம். பதினைந்து மாடியும் ஆறு கார் நிறுத்த மாடிகளின் தலையில் உட்காருமாம். அவர்கள் கணக்கில் கார் நிறுத்தம் மாடியே இல்லை. மொத்த உயரம் நம் ப்ளாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதோடு நிறுத்தினாயா? "எங்க ப்ளாட்டும் பதினஞ்சு மாடி இல்ல துவான்" என்று மலாயில் தொடர்ந்தாய். "தரைக்கு மேல பன்னிரண்டுதான். லிப்டுல நாலு, பதிமூணு, பதினாலு பொத்தான் கிடையாது."

ஐயோ, எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. சீனர்களுக்கு நாலு ஆகாது, இன்னும் சிலருக்குப் பதிமூன்று ஆகாது, ஆகையால் இந்த ஊரில் பாதிக் கட்டடங்களில் அந்தப் பொத்தான்களே இருக்காது. மூன்றுக்கு அடுத்து ஐந்து என்று இருக்கும் பொத்தான்களை அமுக்கி அமுக்கி வீடு போய்ச் சேர்ந்த நான், மாடியை எண்ணாமல் பொத்தானை வைத்துக் கடிதம் எழுதியிருக்கிறேன். எதிராளிக்குச் சும்மா மூன்று மாடி தானமாகக் கொடுத்திருக்கிறேன். பிறகு நம் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைச் சாகடித்தார்கள்.

அதிகாரி ஒவ்வொருவரிடமும் நேரடியான பாதிப்பு என்ன என்று கேட்டார். சீன அக்கா காற்றைச் சொன்னார். ஆசிரியர் தீயணைப்பு வண்டியைச் சொன்னார். உன் முறை வந்தது. தங்கச்சியைப் பற்றிச் சொல்லப் போகிறாய், அறையே உருகப் போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"எனக்கு ஒன்னும் இல்ல துவான். மத்தவங்க சொன்னதுதான்" என்றாய்.

இரண்டு வாரத்துக்குள் உயரத்தை மீட்டரில் குறித்து மறுபடி எழுதித் தாருங்கள் என்று அதிகாரி அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"மனுசனாடா நீ? நம்ம அஞ்சு பேருல கடல் தெரியிற ஒரே ஜன்னல் உன்னுது. ஒன்னும் இல்லைங்கிற! தங்கச்சி பேரச் சொன்னா வாய் வலிக்குதா?"

"கத்தாத லா. பொத்தான அமுக்கிக்கிட்டே இருந்தா லிப்டு சீக்கிரமா வந்துடுமா?"

இதுதான் என்னை அடக்க நீ வைத்திருந்த வசனம். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அன்று கேட்டபோது உன்னை அடிக்கலாம் போல இருந்தது.

பலூன் யோசனை உன்னுடையது. மீட்டர் என்று எழுதினால் நம் ஆட்களுக்கே புரியாது, கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்றாய். பிறந்தநாள் அலங்காரக் கடையில் ஹீலியம் அடைத்த பெரிய பலூன்கள் ஐந்தை வாங்கி ஒன்றாகக் கட்டினாய். மீன்பிடி நூலை அளந்து ரிப்பன் முடிந்தாய். நீல ரிப்பனை முப்பத்து மூன்றில் முடிந்ததைப் பார்த்து நான் பாய்ந்தேன்.

"நம்ம ப்ளாட்டு உச்சி முப்பத்தாறுன்னு நீதானே சொன்னே? லிப்டுக் கயிறு அளவெல்லாம் மனப்பாடம்னு பீத்திக்கிட்டியே! மூணு மீட்டர் எங்க போச்சு?"

"முப்பத்து மூணுன்னு எழுது. மேல லிப்டு மோட்டார் ரூமு, தண்ணித் தொட்டி எல்லாம் வைப்பாங்க, மாடிக் கணக்குல அது வராது. அதெல்லாம் சேத்து முப்பத்து மூணுன்னு எழுது."

"கூட்டத்துல ஒத்துக்கிட்டது நம்ம ப்ளாட்டு உயரம். அதவிடக் கம்மியாக் கேட்டா பேராசன்னு சொல்ல மாட்டாங்களா?"

"எழுது மச்சான்."

காரணம் சொல்லவே இல்லை. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் பொத்தான் விஷயத்தில் மானம் போயிருந்ததால், சங்கத்திடம் கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நீ சொன்னபடியே எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் காற்று எழும்பும் முன், நம் கார் நிறுத்துமிடத்தின் கோடியில் வேலியை ஒட்டி நின்றேன். கையில் நூல் அட்டை, காதுக்கும் தோளுக்கும் நடுவே கைத்தொலைபேசி. நீ மேலே தங்கச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாய். மாடிக்கு மாடி ஆட்கள் தாழ்வாரத்தில் நின்றார்கள். எதிர்க் கோப்பிக் கடையிலிருந்தும் ஆட்கள் குவளையோடு வந்துவிட்டார்கள். நூலை விட விட பலூன்கள் நேராக ஏறின. முதல் முடிச்சு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது முடிச்சு என் விரலைத் தாண்டிய நேரத்தில் உன் பேச்சு நின்றது.

"என்னடா? லைன் போச்சா?"

"இல்ல. அவ சிரிக்கிறா. பலூனுக்குக் கையத் தூக்கிக் காட்டுறா."

"இப்ப நிறுத்தவா?"

அவளிடம் நீ ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "இல்ல. மேல விடு" என்றாய்.

நீல ரிப்பன் வந்ததும் கட்டி நிறுத்தினேன். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள், நாற்பது மாடி என்றால் இந்தப் பலூனுக்கு மேல் இன்னும் மூன்று மடங்கு போகும் என்று ஆசிரியர் சொன்னதும் கோப்பிக் கடைக்காரர்களே கையெழுத்துப் போட்டார்கள். வெற்றி பெற்றவன் மாதிரி நூலை வேலியில் கட்டிவிட்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

தங்கச்சி தலையணைக்குப் பக்கத்தில் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பலூன் எங்கோ தலைக்கு மேலே இருந்தது. ஜன்னலில் தெரிந்தது நூல் மட்டும். அந்த ஒரு சாண் கடலின் நடுவே, மேலிருந்து கீழ் வரைக்கும், மஞ்சள் கோடாக நூல்.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நாலாவது முடிச்சிலேயே, வெறும் இருபது மீட்டரிலேயே, அவளுடைய கடல் போய்விட்டது. நாற்பது மாடி வந்தாலும் பத்து மாடி வந்தாலும் ஏழாம் மாடி ஜன்னலுக்கு எதிரே சுவர்தான். கூட்டத்தில் எழுந்து நின்று, நம் ப்ளாட் உயரம் போதும் என்று தங்கச்சியின் ஜன்னலை எழுதிக் கொடுத்தவன் நான். உச்சியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நடுவில் படுத்திருப்பவள் ஞாபகத்தில் இல்லை.

உன்னை வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா கையத் தூக்கின?"

"ஒன்னுமே கட்டாதேன்னு கேட்டா நடக்குமா? நீதானே சொன்னே. நடக்கிறதக் கேப்போம்."

"அந்த ஆபீசர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"நாம கேக்கிற உயரத்துலயே இவளுக்குக் கடல் தெரியாது. அப்புறம் இவ கடலு போச்சுன்னு அங்க சொன்னா பொய்யாயிடும் லா."

மன்னிச்சுக்கடா என்று சொல்ல வாயெடுத்தேன், நீ தோளில் ஒரு தட்டுத் தட்டி, போய்ப் பலூனை இறக்கு, காத்து வருது என்றாய். அந்த மன்னிப்பை இன்றுவரைக்கும் நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, மச்சான்.

மாதங்கள் கழித்து முடிவு வந்தது. நம் கடிதத்தால் மட்டுமே என்று சொல்ல மாட்டேன், பாரம்பரிய எல்லை பக்கத்தில் இருந்ததும் உதவியிருக்கும். உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டிவிட்டார்கள். எல்லாம் சேர்த்து முப்பத்து மூன்று மீட்டர், நீ எழுதச் சொன்ன அதே எண். ப்ளாட்டே கொண்டாடியது. கீழே ரொட்டி சானாய் வரவழைத்துத் தின்றோம். நீ இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு மேலே போய்விட்டாய்.

பிறகு தூண் அடித்த சத்தம், சிமெண்டுத் தூசு, ஒவ்வொரு மாதமும் ஏறிய சுவர். ஒரு நாள் மத்தியானம் ஃபெரி வரும் நேரத்தில் தங்கச்சி கையைத் தூக்கத் தயாராக இருந்தாள். தூக்கவில்லை. சுவர் வந்துவிட்டது. "எங்க?" என்று மட்டும் கேட்டாளாம். அதை நீ என்னிடம் சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து லிப்ட் வாசலில் நின்றாய். எங்கே என்று கேட்டேன். "லிப்டு இருக்குல்ல" என்றாய். பதினைந்தாம் பொத்தானை அமுக்கினாய். உச்சி மாடித் தாழ்வாரம், எல்லாருக்கும் பொது. அதன் கடல் பக்கக் கோடியில் கம்பிக் கிராதிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தியதும், புதுக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு மேலே கடல் தெரிந்தது. ஒரு சாண் இல்லை, பட்டர்வொர்த் கரை வரைக்கும் முழுக் கடல். ஃபெரி வந்தது. அவள் கை மேலே போனது. என்ன சமயோசிதம் இவனுக்கு, ஜன்னல் போனதும் உடனே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டானே என்று நான் அன்று வியந்தேன்.

அதற்கப்புறம் தினமும் ஐந்து மணி. மழை நாளில் மட்டும் இல்லை. லிப்ட் பழுதானால் கம்பெனி ஆள் வரும் வரைக்கும் உன்னால் இருக்க முடியாது, சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவாய். நீ போனதும் ஒரு மத்தியானத்தில்தான். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன், ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை. தங்கச்சி இடது கையால் சுவரைத் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

உன் மகள் பாயான் பாரு வீட்டை விட்டுவிட்டு அம்மாவோடு வந்து இருக்கிறாள். வேலை முடிந்து அவள் வீடு சேர ஆறரை ஆகும். அதனால் ஐந்து மணி ஓட்டம் என்னுடையது.

நேற்று அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு தங்கச்சியை மேலே கூட்டிப் போனேன். ஷர்மிளா சொன்ன கிடங்கு நிலம் புதுக் கட்டடத்துக்கு நேர் பின்னால்தான். முப்பத்தைந்து மாடி வந்தால் இந்தக் கடலும் போகும், கரையும் போகும். நின்றபடி பார்த்தால் புதுக் கட்டடத்தின் மொட்டை மாடி எனக்கு நன்றாகக் கீழே இருந்தது. தங்கச்சி மடியிலிருந்து துண்டு நழுவி விழ, அதை எடுக்கக் குனிந்தவன் அவள் முகத்துக்குப் பக்கத்தில் முகம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அவள் கண் மட்டத்திலிருந்து பார்த்தால், அந்த மொட்டை மாடியின் விளிம்பு கடலுக்கு விரலளவு கீழேதான் நிற்கிறது. இன்னும் ஒரு மாடியோ மோட்டார் அறையோ மேலே வந்திருந்தால் யாருக்குமே கடல் இல்லை; ஒரே ஒரு மீட்டர் கூடியிருந்தால்கூட, நிற்கிறவனுக்குக் கடல் தெரியும், உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாது.

நாடாவின் நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு அவள் கண் வரைக்கும் இழுத்தேன். "என்னண்ணே?" என்று சிரித்தாள். ஆடாம இரும்மா என்றேன்.

ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

அடப்பாவி! கிராதியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து மூன்று, அதற்குக் கீழே ஒன்று புள்ளி பத்து. பதினைந்தாம் மாடியின் தரை முப்பத்து மூன்று மீட்டர். அதற்கு மேல் அவள் கண். ஜன்னல் போன பிறகு நீ வழி கண்டுபிடிக்கவில்லை. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நான் கத்திக்கொண்டிருந்தபோதே, லிப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அமுக்கினால் அவளுக்குக் கடல் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கணக்கு முடிந்த பிறகுதான் கையைத் தூக்கியிருக்கிறாய். அதைப் போய் நான் ஆமை வேகம் என்றேன்.

ஃபெரி வந்தது. தங்கச்சி கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

இன்று ஷர்மிளாவோடு உட்கார்ந்து கடிதம் எழுதி முடித்தேன். மாடி என்ற சொல் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. தொட்டி, மோட்டார் அறை எல்லாம் சேர்த்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உன் நூலில்தான் பலூன் ஏறும். நீல ரிப்பனை அவிழ்க்கவில்லை, அது இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

விசாரணையில் மறுபடியும் கேட்பார்கள், நேரடியான பாதிப்பு என்ன என்று. நீ சொல்லாததை இந்தத் தடவை நான் சொல்லப் போகிறேன். நாம் கேட்கிற உயரத்தில் கடல் தெரியும், ஆகவே பொய் இல்லை. ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று சொல்வேன். அது யாருடைய உயரம் என்று அதிகாரி கேட்பார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஃபெரியைப் பார்க்கிற ஒரு பெண்ணின் கண் என்பேன். அவள் பெயரைச் சொல்வேன், உன் பெயரையும் சொல்வேன். நீ இருந்தால் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருப்பாய். இருந்திருக்க வேண்டியதுதானே.